மிஞ்சும் கல்லீரல் போதுமா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கல்லீரலில் கட்டி என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா எடுத்துடலாமா டாக்டர்?" என்பதுதான். அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "எடுத்த பிறகு எவ்வளவு மிஞ்சும்? அது உடம்புக்குப் போதுமா?" பெரிய கல்லீரல் அறுவைக்குப் பின் உயிருக்கு வரும் ஆபத்துகளில் முதன்மையானது இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதற்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு.

கல்லீரல் ஏன் செயலிழக்கிறது?

வெட்டினாலும் வளரும் உறுப்பு கல்லீரல். நோயில்லாத கல்லீரலில் பெரும்பகுதியை எடுத்தாலும், மீதி சில வாரங்களில் பெருகி ஈடுகட்டிவிடும். ஆனால் அதுவரை இரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வது, பித்தத்தை வெளியேற்றுவது, நச்சுகளை முறிப்பது என எல்லா வேலையும் அந்தச் சிறு துண்டின் தலையில் விழுகிறது. அது தாங்காமல் துவண்டுபோவதே அறுவைக்குப் பிந்திய கல்லீரல் செயலிழப்பு. அறுவையின்போது அதிக இரத்தம் இழந்தாலோ, பிறகு கிருமித்தொற்று வந்தாலோ ஆபத்து கூடும்.

எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு உண்டு. ஆரோக்கியமான கல்லீரலில் குறைந்தது 20 விழுக்காடு, கீமோதெரபி பெற்றவருக்கு 30, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் தழும்பேற்றம் உள்ளவருக்கு 40.

நம்மில் யார் கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். நீரிழிவோடு கல்லீரலில் கொழுப்பும் சேர்ந்தே வருவது வழக்கம். கொழுப்பு படிந்த கல்லீரல் வெட்டைத் தாங்குவதும் குறைவு, வளர்வதும் மெதுவாகத்தான். அடுத்தது ஹெபடைடிஸ் பி. பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதற்கான தடுப்பூசி போடுவது இங்கு 1987இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குடிப்பழக்கம் இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேக்காவில் வாங்கியதோ ஊரிலிருந்து வந்ததோ, சாப்பிடும் மூலிகைப் பொடி, லேகியம் எதையும் மறைக்காதீர்கள். சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

மிஞ்சப்போகும் பகுதியின் கன அளவை சிடி ஸ்கேன் மூலம் முன்கூட்டியே கணக்கிடலாம். கல்லீரலின் திறனை அறியச் சில மருத்துவமனைகளில் பச்சைச் சாயப் பரிசோதனையும் செய்கிறார்கள். மீதி போதாது என்று தெரிந்தால், எடுக்கவிருக்கும் பக்கத்துக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்து, மறுபக்கத்தை நான்கு முதல் ஆறு வாரம் வளரவிட்டு அறுவை செய்யும் முறை உண்டு. அப்படிக் காத்திருக்கச் சொன்னால் பதற வேண்டாம். அந்த நாட்கள் உங்கள் பாதுகாப்புக்கானவை.

அறுவைக்குப் பின் 5ஆம் நாள் முக்கியமானது. அன்று இரத்தம் உறையும் திறன் பாதிக்கும் கீழே இறங்கி, பித்த நிறமியான பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேல் ஏறியிருந்த நோயாளிகளில் 59 விழுக்காட்டினர் இறந்ததாக 2005இல் பிரான்ஸ் மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. ஐந்தாம் நாள் பரிசோதனை முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பின் கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதும் பேச்சு குழறுவதும் அலுப்பு என்று ஒதுக்கக்கூடியவை அல்ல. நச்சு மூளையை எட்டியதன் அடையாளமாக அவை இருக்கலாம். மயக்கம், குழப்பம், இரத்தப்போக்கு கண்டால் 995ஐ அழையுங்கள். இந்தச் செயலிழப்பை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தொற்றைக் கட்டுப்படுத்தி, ஊட்டம் கொடுத்து, சிறுநீரகத்தைக் காத்து, கல்லீரல் மீள நேரம் வாங்கித் தருவதே சிகிச்சை. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

கொடையாளரின் உரிமை

கட்டி இல்லாதவரும் பிறருக்குக் கொடுப்பதற்காகக் கல்லீரல் அறுவைக்கு உட்படுவதுண்டு. 2002இல் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்கு மெலிவு மாத்திரையால் கல்லீரல் செயலிழந்தபோது, நடிகர் பியர் பங் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து உயிர் காத்தார். போற்ற வேண்டிய கொடைதான். ஆனால் கொடையாளருக்கும் நடப்பது பெரிய கல்லீரல் அறுவையே. அரிதாக உயிரிழப்பும் நேரலாம்.

அதனால்தான் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ், மாற்று அறுவைக்கான நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி தர வேண்டும். மருத்துவமனையைச் சாராத மருத்துவரும் பொதுமக்களில் ஒருவரும் அதில் இருப்பார்கள். வற்புறுத்தல் இருந்தால் அங்கே சொல்லலாம். கடைசி நேரத்திலும் "வேண்டாம்" என்று விலகலாம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம்: 100,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கணைய அறுவை ஒன்று தொடர்பான வழக்கில், நோயாளிக்கு முக்கியமான தகவல்களை மருத்துவர் சொல்ல வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் வரையறுத்தது. பின்னர் குடிமைச் சட்டத்தில் வந்த திருத்தம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி சக மருத்துவர்களின் கருத்துக்கு எடை உண்டு. ஆனால் நோயாளி தாமே எழுப்பிய குறிப்பிட்ட கேள்வியும் கவலையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். மனத்துக்குள் வைத்திருந்த கேள்விக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

கல்லீரல் செயலிழந்தால் நினைவு தடுமாறும் என்பதால், உங்களுக்காக யார் முடிவெடுப்பார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். அதற்குத்தான் எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரம்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு: உங்கள் மருத்துவக் காப்புறுதியை முதலாளிதான் எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச ஆண்டு வரம்பு 60,000 வெள்ளி. ஆங்கிலப் படிவம் புரியாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். தமிழில் விளக்க ஆள் கேளுங்கள்.

தவறு நடந்ததாக நினைத்தால்

செயலிழப்பு நேர்ந்ததாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது. முதலில் மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையின் நோயாளர் தொடர்புப் பிரிவில் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பேசித் தீர்க்கச் சமரச வழி உண்டு. மருத்துவரின் நடத்தை குறித்துச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் அளிக்கலாம். இழப்பீடு கோரி வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. ஆகவே வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்கள். சிகிச்சையின் விளைவாக மரணம் நேர்ந்திருந்தால் அது மரண விசாரணை அதிகாரியின் கவனத்துக்குப் போக வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி, கையெழுத்துக்கு முன்னரே கேட்பது. ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: எவ்வளவு மிஞ்சும்? என் கல்லீரலின் நிலை என்ன? அறுவை இல்லாமல் வேறு வழி உண்டா? செயலிழந்தால் என்ன செய்வீர்கள்? கேட்டதையும் பதிலையும் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்.