தோட்டத்தில் ஓடும் புகைவண்டி

உதகமண்டலத்திற்கு ஏறிச் செல்லும் மலை இரயிலைக் கண்டு மகிழாத சிறுவர் உண்டோ? அதன் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 1000 மில்லிமீட்டர். அவ்வகலத்தை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் வரும். இந்த எளிய கணக்கை நம்பித் தொழிலில் இறங்கிய ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் வரலாறு, கைத்தொழிலால் வாழும் நம் குடும்பங்களும் அறியத்தக்கது.

1881-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் பால் லேமன் என்பவர் பிராண்டன்பர்க் நகரில் ஒரு தொழிலகத்தை நிறுவினார். தகரத்தாலான விளையாட்டுப் பொருள்கள் அதற்குப் புகழ் தேடித் தந்தன. அவருக்குப் பின் அவருடைய உறவினர் யோகான்னஸ் ரிக்டர் அதனை நடத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அப்பகுதி சோவியத் ஆதிக்கத்தின் கீழ் வந்தது, தொழிலகம் பறிமுதலாயிற்று. ரிக்டர் மனந்தளரவில்லை. மேற்கு ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார். கட்டடத்தைப் பறிக்கலாம்; கைத்திறனைப் பறிக்க இயலுமோ?

அவர் 1956-இல் மறைந்தபின் புதல்வர்களாகிய எபர்ஹார்டும் வோல்ஃப்காங்கும் பொறுப்பேற்றனர். பிறர் வீட்டிற்குள் ஓடும் சின்னஞ்சிறு இரயில்களைச் செய்துகொண்டிருந்த காலத்தில், இவர்கள் 1968-இல் மழையிலும் வெயிலிலும் தோட்டத்தில் ஓடும் பெரிய மாதிரி இரயிலை வெளியிட்டனர். அதன் பெயர் எல்.ஜி.பி. என்பதாகும்.

குறுகிய பாதை இரயிலை அவர்கள் தேர்ந்தெடுத்ததில் நுட்பம் உண்டு. அவ்வகை எஞ்சின்கள் இயல்பிலேயே சிறியவை. ஆகவே மாதிரியைப் பெரிதாகச் செய்தாலும் அது கைக்கு அடங்கும். அவை கூரிய வளைவுகளிலும் திரும்பவல்லவை. ஆதலால் 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டப் பாதையே போதுமானதாயிற்று.

ஆஸ்திரிய நாட்டின் 'ஸ்டைன்ஸ்' என்னும் சிறிய எஞ்சினை முதல் மாதிரிக்கு முன்னோடியாகக் கொண்டனர். உண்மையில் அது ஓடிய பாதையின் அகலம் 760 மில்லிமீட்டர். கணக்கின்படி மாதிரிப் பாதை 34 மில்லிமீட்டராகவே இருத்தல் வேண்டும். ஆயினும் எல்லா எஞ்சின்களும் ஒரே பாதையில் ஓட வேண்டும் என்று கருதி, 45 மில்லிமீட்டரையே வைத்துக்கொண்டனர். வடிவமைப்பவன் துல்லியத்தையும் பயனையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று. மேலும், ஒரு வண்டி விற்பனையாகும் முன்பே பிளாஸ்டிக் வார்ப்பதற்குரிய எஃகு அச்சுகளுக்குப் பெரும்பணம் செலவாகும். எனவே முதல் மாதிரி எளியதாக இருப்பதே சிறுதொழிலுக்குப் பாதுகாப்பு.

எல்.ஜி.பி. உலகெங்கும் புகழ் பெற்றது. எனினும் 2006-இல் நிறுவனம் கடனைத் தீர்க்க இயலாத நிலையை அடைந்தது. 2007-இல் மெர்க்லின் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இரயில்கள் இன்றும் அதே பெயரில் ஓடுகின்றன. ஆனால் உரிமை குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று.

தொழில் நடத்தும் பெற்றோரே, உங்கள் மக்களுக்குத் திறமையைக் கற்றுக்கொடுங்கள். அதனோடு வரவு செலவுக் கணக்கையும் கற்றுக்கொடுங்கள். முன்னது, இழந்ததை மீட்டுத் தரும். பின்னது, மீட்டதைக் காத்து நிற்கும்.