எத்தனை கட்டை வேண்டும்?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் பழைய மாணவன் ஒருவன் தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் நான் அவனுக்குப் பௌதிகம் கற்பிக்க முயன்றேன். அவனோ பெஞ்சின்மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தான். இருவரில் அவனுடைய முயற்சிதான் பலித்தது. இப்போது எங்கள் தாலுகாவில் கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போய்வரும் மெல்லிசைக் குழு ஒன்றில் அவன் கீபோர்டு வாசிக்கிறான்.

அந்த அம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்தார். "சார், இதில் 55,000 ரூபாய் இருக்கிறது. என் சங்கிலியை பாங்கியில் வைத்து வாங்கிய பணம். இவன் 88 கட்டை வைத்த பெட்டிதான் வேண்டும் என்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பிறர் பணத்துக்கு யோசனை சொல்வது சுலபம்; அடகு வைத்த சங்கிலிக்கு யோசனை சொல்வது அவ்வளவு சுலபமல்ல.

இந்த விஷயத்தில் எனக்கென்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். என் தகப்பனாரிடம் ஒரு ஹார்மோனியம் இருந்தது. கல்லூரியில் படித்த காலத்தில், மாணவர்கள் சேர்ந்து நடத்திய குழுவில் நான் இரண்டு வருஷம் கீபோர்டு வாசித்திருக்கிறேன். ஒருமுறை, முந்திய பாட்டுக்காகச் சுருதி மாற்றும் பொத்தானை இரண்டு படி ஏற்றியவன், அதைத் திரும்ப இறக்க மறந்துவிட்டேன். அடுத்த பாட்டில் கிடாரும் பாடகரும் ஒரு சுருதியில் போக, நான் மட்டும் கம்பீரமாக வேறொரு சுருதியில் சஞ்சாரம் செய்தேன். சபையார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பரீட்சையில் தேறியவனைவிடத் தவறியவனுக்குத்தான் கேள்வித்தாள் நன்றாக நினைவிருக்கும்.

முதலில் 88 கட்டை விவகாரம். பியானோவுக்கு 88 கட்டைகள் உண்டு. நம்முடைய ஹார்மோனியம் மூன்றரை ஸ்தாயியோடு திருப்தி அடைந்துவிடுகிறது. மேடைக் கீபோர்டுகள் 61, 73, 76, 88 என்று பல அளவுகளில் வருகின்றன. தனியாக உட்கார்ந்து பியானோ வாசிப்பவனுக்கு இடது கைப் பக்கத்துக் கீழ் ஸ்தாயிகள் அவசியம். ஆனால் குழுவில் வாசிப்பவனுக்கு? அங்கே பேஸ் கிடார்காரர் ஒருவர் நிற்கிறார். கீழ் ஸ்தாயி அவருடைய சொத்து. கீபோர்டுக்காரனும் இடது கையால் அதே இடத்தில் கனமாக அழுத்தினால், இரண்டு ஓசைகளும் கலந்து ஒரே குழப்பமாகும். யார் வாசித்ததும் காதில் விழாது. குழுவில் சேர்ந்த பியானோக்காரன் முதலில் கற்க வேண்டியது இடது கையை அடக்குவதுதான். ஆகவே 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயி, மெல்லிசைக்குத் தாராளமாகப் போதும்.

"ஆனால் சார், 88 கட்டையில் அழுத்தினால் நிஜப் பியானோ மாதிரி கனமாக இருக்குமே?" என்றான் பையன்.

வாஸ்தவந்தான். அந்தக் கட்டைகளுக்கு அடியில் சிறு சுத்தியல் போன்ற பாரம் வைத்திருக்கிறார்கள். பியானோ பயின்ற விரலுக்கு அது இல்லாமல் முடியாது. இவன் பயின்றதோ ஹார்மோனியத்திலும், வீட்டு உபயோகத்துக்கான ஒரு சிறு கீபோர்டிலும். இவன் வாசிக்க வேண்டியவையோ பெரும்பாலும் புல்லாங்குழல், வயலின் கூட்டம், ஆர்கன் முதலிய ஒலிகள். அவற்றுக்கு இலேசான கட்டையே வேகத்துக்கு வாகானது. தவிர, பாரத்தையும் பார்க்க வேண்டும். யமஹாவின் சி.பி.88 என்ற கருவி 18 கிலோவுக்கு மேல். 61 கட்டை கொண்ட ரோலண்டு ஜூனோ டி.எஸ்.61 என்பது ஐந்தரைக் கிலோவுக்கும் குறைவு. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அற்பம். இரவு இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்து, கடைசிப் பஸ்ஸும் போய்விட்ட பிறகு, சிநேகிதனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருகிறவனுக்கு அது அற்பமல்ல.

முந்திய தலைமுறையினர் பட்ட பாட்டை நினைத்தால் நாம் குறை சொல்வதற்கில்லை. லாரன்ஸ் ஹாமண்ட் என்ற அமெரிக்கர் 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ஆர்கன் வரிசையில், பின்னால் புகழ் பெற்ற பி-3 என்பது சுமார் 400 ராத்தல் எடை. அதை மேடையேற்ற நாலு ஆள் வேண்டும். ஹரால்டு ரோட்ஸ் என்பவர் இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஆஸ்பத்திரியில் கிடந்த படை வீரர்களுக்காக, ஆகாய விமானங்களின் உபரிப் பாகங்களைக்கொண்டு மடிமேல் வைத்து வாசிக்கும் சிறு பியானோக்களைச் செய்தார். ரோட்ஸ் மின்சாரப் பியானோவின் பூர்வ கதை அதுதான். 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. உலகமெங்கும் மேடைகளைப் பிடித்துக்கொண்ட அந்தக் கருவிக்கு இருந்தவை 61 கட்டைகளே. இந்தச் செய்தியைக் கேட்டதும் பையனுடைய முகம் சற்றுத் தெளிந்தது!

அதே 1983-இல்தான் மிடி என்னும் ஏற்பாடும் வந்தது. ஒரு கம்பெனியின் கருவி மற்றொரு கம்பெனியின் கருவியோடு பேசுவதற்கான பொதுப் பாஷை அது. நாளைக்குக் கையில் பணம் சேர்ந்து 88 கட்டைப் பெட்டி வாங்கினாலும், ஒரு கம்பியால் இரண்டையும் இணைத்து, பழையதன் ஒலிகளைப் புதியதன் கட்டைகளால் வாசிக்கலாம். இன்று வாங்குவது வீணாகாது.

அடுத்த வாரம் நாங்கள் மூவரும் பட்டணத்துக்குப் போனோம். கடையில் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வாசித்தால் எல்லாக் கீபோர்டும் தேவகானமாகத்தான் இருக்கும். ஆகையால், குழுவின் ஒத்திகை ஒன்றைக் கீபோர்டு இல்லாமல் மொபைலில் பதிவு செய்து வரும்படி சொல்லியிருந்தேன். அதைக் கடையின் ஒலிபெருக்கியில் போடச் சொல்லி, அதன்மேல் பையனை வாசிக்கச் சொன்னேன். தனியே கேட்டபோது கண்ணீர் வரவழைத்த பெரிய பியானோ ஒலி, டிரம்ஸும் கிடாரும் சேர்ந்ததும் கஞ்சியில் உப்புப் போலக் கரைந்துவிட்டது. சற்று ஒல்லியாகத் தோன்றிய இன்னொரு ஒலி, கூட்டத்தில் தலை தூக்கி நின்றது. கடைக்காரரே அதை ஆச்சரியத்துடன் கேட்டார்.

பிறகு, கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் வயலின் கூட்டமும் வலது பக்கம் புல்லாங்குழலுமாக வைக்க முடிகிறதா என்று பார்த்தோம். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த ஒலிக்கு மாறினால், பிடித்த நாதம் தொடர்கிறதா, கத்தரித்தாற்போல் நின்றுவிடுகிறதா என்றும் பார்த்தோம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே மூன்று வாத்தியங்களாக அவதாரம் எடுக்க வேண்டியவனுக்கு இது உயிர்நிலை. காலால் மிதிக்கும் பெடல் ஒன்று தலைகீழாக வேலை செய்தது: மிதித்தால் நாதம் நின்றது, எடுத்தால் நீடித்தது. பையன் பயந்துபோனான். கருவியில் கோளாறில்லை, கம்பெனிக்குக் கம்பெனி சுவிட்சின் போக்கு மாறுபடும், அவ்வளவுதான்.

நமக்கு முக்கியமான உறுப்பு இன்னொன்று உண்டு. ஸ்வரத்தை வளைப்பதற்காக இடது கோடியில் இருக்கும் சக்கரம் அல்லது நெம்புகோல். ஸ்வரத்தை அசைக்க முடியாத வாத்தியம் என்ற குற்றத்துக்காகவே ஹார்மோனியத்தை 1940-இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. இந்தச் சக்கரம் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. கீபோர்டிலேயே கர்நாடகக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் அதைக்கொண்டு கமகங்களை வளைப்பதைக் கேட்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். சக்கரம் தளர்ந்து ஆடுகிறதா, விட்டவுடன் நடுவுக்குத் திரும்புகிறதா என்று அவசியம் சோதிக்க வேண்டும்.

வீட்டுக் கீபோர்டுக்கு உள்ளேயே ஒலிபெருக்கி இருக்கும். மேடைக் கீபோர்டு பெரும்பாலானவற்றில் இராது. "பணமும் கொடுத்து, சத்தமும் வராதா?" என்று அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. மேடையில் சத்தம் மைக் செட்காரருடைய பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கம்பியைச் செருகும் துவாரம் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்பதே நம் கவலை.

கையிலிருந்த தொகைக்குப் பழைய கருவி ஒன்றுதான் எங்களுக்குப் படிந்தது. இங்கேதான் நான் கற்பித்த பௌதிகம் உபயோகப்பட்டது. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனைகள் உண்டு. கட்டையை அழுத்தும்போது முதலாவது தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் இடையேயுள்ள நேரத்தை அளந்து, விரலின் வேகத்தைக் கருவி ஊகிக்கிறது. வேகம் அதிகமென்றால் ஓசை உரக்க வரும். தூசி படிந்துவிட்டால் கணக்குத் தவறி, மெல்லத் தொட்ட கட்டை திடீரென்று அலறும், அல்லது ஊமையாகிவிடும். 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாகவும் பிறகு ஓங்கியும் அழுத்தச் சொன்னேன். 43-வது கட்டை அலறியது. கடைக்காரர் உள்ளே கொண்டுபோய்ச் சுத்தம் செய்து தந்ததோடு, விலையில் 2,000 ரூபாய் குறைத்தார். கருவியின் எடை ஆறு கிலோவுக்குள். மின்சாரம் போனால் பாட்டரியிலும் ஓடும். ஜெனரேட்டரை நம்பி நடக்கும் கிராமத்துத் திருவிழாக்களில் இது பெரிய தைரியம். மொத்தம் 47,000 ரூபாய் ஆயிற்று. மீதியில் உறுதியான ஸ்டாண்டு ஒன்றும், தடித்த உறையும், இரண்டு கம்பிகளும் வாங்கினோம். இரண்டாவது கம்பி எதற்கு என்று பையன் கேட்டான். முதலாவது ஒரு நாள் முகூர்த்த நேரத்தில் உயிரை விடும் என்றேன்.

ஆவணியில் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் அதை முதல் முதலாக வாசித்தான். நானும் போயிருந்தேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவன் கை தானாகவே சுருதிப் பொத்தானிடம் போய்வந்ததைக் கவனித்தேன். அவன் தாயார் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இதில் ஹார்மோனியம் சத்தம் வருமா, சார்?" என்று கேட்டார்.

வரும் என்றேன். அவருடைய தகப்பனார் நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவர் என்பதை அப்போதுதான் சொன்னார். சங்கிலிக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறதாம்.