நம்ம ஊர் பேர் வச்ச சுறா

நெட்டப்பாக்கத்துல உங்க வீட்டுக் கூடத்துல ஒரு கண்ணாடித் தொட்டி வச்சு, அதுல சுறா வளர்க்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

அலங்கார மீன் கடையில குட்டிச் சுறான்னு சொல்லி விக்கிறாங்களே, அது பெரும்பாலும் கெளுத்தி இனம். சுறாவே இல்லை. ஆனா, நிஜச் சுறாவுல சில வகைக்கு, புலிக்கு இருக்கிற அதே சட்டப் பாதுகாப்பு இருக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கிற அந்த வகைகள்ல ஒண்ணு, நம்ம ஊர் பேரையே சுமக்குது. பாண்டிச்சேரி சுறா!

சாம்பல் நிற உடம்பு. சில துடுப்புகளோட நுனி மட்டும் மையில தொட்டெடுத்த மாதிரி கறுப்பா இருக்கும். 1839-ல ரெண்டு ஜெர்மன் அறிஞர்கள் இதை உலகத்துக்கு அறிமுகம் செஞ்சாங்க. இப்போ? 1979-க்கு அப்புறம் உறுதியான பதிவே இல்லைங்கிறாங்க ஆய்வாளர்கள். மனசு கனக்குதுங்க.

இதை வேணும்னே பிடிச்சாலே சட்டப்படி வேட்டைதான். தொட்டியில வைக்கிறதும் குற்றம். மூணு வருஷத்துக்குக் குறையாம சிறை. வீராம்பட்டினம், நல்லவாடு மீனவ சொந்தங்களே, தப்பித்தவறி வலையில சிக்கினா, உயிரோட கடல்லயே விட்டுட்டு மீன்வளத் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.