ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் ஏன் கிறீச்சிடுகிறது? எப்படி நிறுத்துவது?

மும்பையின் சயான் சர்க்கிளில் எந்த நேரமும் கார்கள் நகர்வதும் நிற்பதுமாகவே இருக்கும். 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடியபின் சுற்றுச்சாலைகளில் நெரிசல் இன்னும் கூடியது. இப்படி ஊர்ந்து போகும்போதுதான் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பிரேக் பேட் மாட்டிய கார்கள், பெடலைத் தொட்டாலே கிறீச்சென்று கத்துகின்றன. மருத்துவமனையை ஒட்டிய சாலையில் அந்தச் சத்தம் ஓட்டுபவருக்கே சங்கடம். பேட் புதிது, விலையும் அதிகம். அப்படியும் ஏன் கத்துகிறது? பேட் கெட்டதால் அல்ல. அதை எந்த வேலைக்குச் செய்தார்களோ அந்த வேலை சயானில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

பெடலை மிதித்ததும் காலிப்பர் என்னும் கவ்வி இரண்டு பேட்களையும் சுழலும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. பேட் டிஸ்க்கைப் பற்றுவதும் வழுக்குவதுமாக வினாடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்கிறது. அந்த அதிர்வு டிஸ்க்கிலும் காலிப்பரிலும் ஏறிக்கொண்டால் நம் காதுக்குக் கிறீச்சொலியாகக் கேட்கிறது.

இது டிஸ்க் பிரேக்கின் பிறப்பிலிருந்தே உள்ள தொல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உரசிய அந்த பிரேக்கின் அலறல் தாங்க முடியாததாக இருந்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் அஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்வுப் பட்டையைக் கொண்டுவந்த பிறகே சத்தம் அடங்கியது. அஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயைத் தரும் என்று தெரிந்தபின் பல நாடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பெர்ஃபார்மன்ஸ் பேட் பலவற்றில் உலோகக் கலப்பு அதிகம். கண்டாலா மலைப்பாதையில் வேகமாக இறங்கும்போதும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவையின் கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களிலும் டிஸ்க் சில நூறு டிகிரி வரை கொதிக்கும். சாதாரண பேட் பிடி தளரும் அந்தச் சூட்டிலும் இது விடாமல் பிடிக்கும். சயான் நெரிசலிலோ டிஸ்க் அந்த அளவுக்குச் சூடாவதே இல்லை. சூடு ஏறாத நிலையில் அந்தக் கடினமான கலவை எளிதில் அதிர்ந்து கத்துகிறது.

முதலில், எந்தச் சத்தம் என்று பாருங்கள்

காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் உரசி, பிறகு அடங்கினால், அது இரவு ஈரத்தில் டிஸ்க்கின் மேல் படிந்த துரு. மும்பை மழைக்காலத்தில் இது சகஜம், பயம் வேண்டாம்.

பெடலை மிதிக்காதபோதும் மெல்லிய கீச்சொலி தொடர்ந்து வந்தால், பேட் தேய்ந்து முடியப்போகிறது. பல பேட்களில் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கை உரசி எச்சரிக்கும். பேட்டை உடனே மாற்ற வேண்டும்.

கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் பேட் முழுதும் தீர்ந்து, இரும்புத் தகடே டிஸ்க்கை அரைக்கிறது என்று பொருள். காரை ஓட்டாதீர்கள்.

மெதுவாக ஓட்டி லேசாக மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால், கீழே சொல்லும் வேலைகள் பலன் தரும்.

கராஜில் செய்ய வேண்டியவை

முதலில் காலிப்பர் நகரும் பின்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் தேங்கிய மழைநீரில் ஒருமுறை போய்வந்தாலே, கிழிந்த ரப்பர் உறை வழியாகத் தண்ணீர் நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும். பின் இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் உரசும். துடைத்துவிட்டு பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்யும்.

அடுத்தது பேட்டின் காதுகள் உட்காரும் இடம். அங்கே துரு ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, தளர்ந்த கிளிப்புகளை மாற்ற வேண்டும். பேட் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும், அதே சமயம் ஆடக் கூடாது.

மூன்றாவது ஷிம். பேட்டின் முதுகில் ஒட்டும் இந்தத் தகட்டில் இரும்பும் ரப்பரும் அடுக்கடுக்காக இருக்கும். அதிர்வை விழுங்குவதே அதன் வேலை. பந்தயச் சூட்டில் ரப்பர் கருகிவிடும் என்பதால் சில பெர்ஃபார்மன்ஸ் பேட்கள் ஷிம் இல்லாமல் வருகின்றன. உங்கள் பேட்டுக்குப் பொருந்தும் ஷிம் கிடைத்தால் போடுங்கள். சத்தத்தை அதிகம் குறைப்பது பெரும்பாலும் இதுதான்.

பேட்டின் விளிம்பு செங்குத்தாக இருந்தால் அரத்தால் லேசாகச் சரிவாக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. மூக்கை மூடிக்கொண்டு பிரேக் கிளீனரும் துணியும் வைத்துத் துடைக்க வேண்டும்.

கடைசியாக டிஸ்க். பழைய பேட் விட்டுப்போன படலம் புதிய பேட்டோடு ஒத்துப்போகாது. உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் லேத்தில் கொடுக்கலாம். ஆனால் அதற்கு மேல் தேயக் கூடாத குறைந்தபட்சத் தடிமனை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் அந்த அச்சின் இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றத்தான் வேண்டும்.

பேட்டைப் பழக்குவது

பலர் விட்டுவிடும் வேலை இது. புதிய பேட், டிஸ்க்கின் மேல் தன் கலவையைச் சீராகப் பூச வேண்டும். வாஷியைத் தாண்டி, விடியற்காலையில், பின்னால் வண்டி வராத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை அழுத்தமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை இப்படிச் செய்து, பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கையில் பெடலை மிதித்தபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் கலவை ஒட்டி, பிற்பாடு உதறும். பேட் கம்பெனி தன் பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கிலோ பேட்டின் உரசும் முகத்திலோ எண்ணெய், கிரீஸ், எண்ணெய் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

இவ்வளவும் செய்தபின்னும் கத்தினால், அது அந்தக் கலவையின் குணம். பந்தயத் தடத்துக்குப் போகாத காருக்கு அந்தப் பேட் தேவையில்லை. சாலைக்கென்று செய்த பேட்டே போதும். சென்னையின் பிரேக்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் ஆகிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக பிரேக் உராய்வுப் பொருள்களைச் செய்துவருகின்றன. தடத்துக்குப் போகிறவர்கள் இரண்டு செட் வைத்துக்கொண்டு, போகும் முன் மாற்றிக்கொள்ளலாம். தினமும் சயான் சிக்னலில் நிற்கும் காருக்கு, குளிரிலும் முதல் மிதியிலேயே பிடிக்கும் பேட்தான் நல்ல பேட்.