ஒன்று இருந்தால் இரட்டை, இரண்டு இருந்தால் மலடு

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஆட்டைப் பற்றி என்ன கட்டுரை என்று நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள்! என் தாத்தா செம்மறி மேய்த்தவர். ஒரு ஆடு வருஷா வருஷம் ஒற்றைக் குட்டியே போட்டால், "அதோட ராசி அப்படி" என்பார். சினையே பிடிக்கவில்லை என்றால் சந்தைக்கு ஓட்டிவிடுவார். கிடாவை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ராசி என்ன என்று பார்ப்போம்.

இன்ஜினில் கவர்னர் என்ன செய்கிறது? வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து எரிபொருளைக் குறைக்கும். வேகம் குறைந்தால் கூட்டும். பெட்டை ஆட்டின் உடம்பிலும் இதே ஏற்பாடுதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அதை வாங்கிக்கொண்டு சினைப்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். வளரும் பைகள் சும்மா இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன், இன்ஹிபின் என்ற இரண்டைச் சுரந்து, "போதும், குறை" என்று மேலே சொல்லி அனுப்பும். எஃப்.எஸ்.ஹெச். குறைந்ததும் சின்னப் பைகள் வாடிப்போகும். பெரிதாக வளர்ந்த ஒன்று மட்டும் எல்.ஹெச். என்ற அடுத்த ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கும். அது வெடித்து ஒரு முட்டை வரும். ஒரு முட்டைன்னா ஒரு குட்டி. 17 நாளைக்கு ஒரு முறை இந்தச் சுற்று.

இனிமேல்தான் விஷயம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூருலா என்ற பண்ணையில் மெரினோ ஆடுகள் மூன்று, நான்கு, ஐந்து என்று குட்டி போட்டன. 1958-ல், ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றான கிடாவைப் பண்ணைக்காரர்கள் அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இது ஒரே ஒரு ஜீனின் வேலை என்று 1980-களின் தொடக்கத்தில் தெரிந்தது. அது எந்த ஜீன் என்று 2001-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. பி.எம்.பி.ஆர்.1பி என்ற அந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது! அதனால் முட்டைப்பை சிறியதாக இருக்கும்போதே முற்றிவிடுகிறது. சின்னப் பை என்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் ஹார்மோன் சுரக்கும். "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர நாலைந்து பைகள் சேர்ந்து கத்த வேண்டும். கத்தி முடிப்பதற்குள் அத்தனையும் முற்றி வெடிக்கத் தயாராகிவிடும். கவர்னர் பழுதாகவில்லை, குண்டுகளின் எடைதான் குறைந்துவிட்டது.

இந்த ஜீன் ஆஸ்திரேலியாவின் சொந்தச் சரக்கும் அல்ல. 1790-களில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் போன வங்காள ஆடுகளோடு போனதாகக் கருதுகிறார்கள். சுந்தரவனப் பகுதியின் சின்னஞ்சிறு கரோல் ஆட்டில் அதே எழுத்து மாற்றம் இருப்பது 2002-ல் உறுதியானது. மகாராஷ்டிராவில் பல்டன் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம், கரோல் கிடாவைப் பயன்படுத்தி அந்த ஜீனைத் தக்காணி ஆடுகளுக்குள் கொண்டுவந்தது. ஒற்றைக் குட்டி போடும் இனத்தில் இரட்டைக் குட்டிகள் பிறந்தன.

"அப்படின்னா ஜீனை ஏற்றிக்கொண்டே போகலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் அடி விழுகிறது. பூருலா ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால் மூன்று, நான்கு குட்டி. தாய்க்கு இருப்பதோ இரண்டு காம்பு. மேய்ச்சல் இல்லாத கோடையில் நோஞ்சான் குட்டிகள் செத்துப்போகும்.

நியூசிலாந்தின் இன்வர்டேல் ஜீன் இதைவிடப் பொல்லாதது. 11 ஈற்றில் 33 குட்டி போட்ட ஒரு ராம்னி ஆட்டின் வம்சத்தில் கண்டது. பி.எம்.பி.15 என்ற இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் இரட்டைக் குட்டி. இரண்டும் அமைந்த பெட்டை முழு மலடு. முட்டைப்பைகள் ஆரம்பத்திலேயே நின்றுவிடுவதால் "போதும்" என்று சொல்ல ஆளே இல்லை. பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்.-ஐக் கொட்டிக்கொண்டே இருக்கும், கேட்பாரில்லை. ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருக்கிறதே, ஆடு நல்ல ஆடு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

எக்ஸில் இருப்பதால், ஜீன் உள்ள கிடா அதைத் தன் பெட்டைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் கொடுக்கும், கிடாக்குட்டி ஒன்றுக்கும் கொடுக்காது. அந்தக் கிடாவை ஜீன் இல்லாத ஆடுகளோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் இரட்டை போடக்கூடியவை. அதே கிடாவைத் தன் மகள்களோடே விட்டால், அடுத்து பிறக்கும் பெட்டைகளில் சராசரியாகப் பாதி மலடு.

எங்கள் மந்தையில் இந்த ஜீன் எதுவும் இருந்திருக்காது. ஆனால் ஒரே கிடா நாலைந்து வருஷம் இருந்தது. அதன் மகள்களும் பேத்திகளும் அதே மந்தைதான். கொம்பையும் உயரத்தையும் பார்த்து எடுத்த கிடா. அதன் தாய் எத்தனை குட்டி போட்டது என்று விற்றவரிடம் கேட்டீர்களா என்றேன் தாத்தாவிடம். "கிடாய்க்கு எதுக்குடா அந்தக் கணக்கு?" என்றார். இந்தக் கட்டுரையை லீவில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.