தில்லியிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், எந்த வழியாகச் செல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. புகைவண்டிப் பாதையில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ஆகாய மார்க்கமாக நேரே அளந்தால் சுமார் 1,760. நானூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். பறவைக்கு ஆற்றுப் பாலத்தையும் மலைக் கணவாயையும் தேடிச் சுற்றவேண்டிய அவசியம் இல்லையல்லவா?

தூரம் மாறாதது, காலமோ மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவுக்குப் பின் நாகபுரியில் கூடும். அங்கே தபால் மூட்டைகள் கைமாறும். பிரயாணிகளும் மாறி ஏறுவர். பிறகு ஒவ்வொரு விமானமும் தன் ஊருக்கே திரும்பிவிடும். மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த டகோட்டாவில் நாகபுரிக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல். அங்கிருந்து சென்னைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. தில்லியில் இரவு உணவை முடித்தவர் சென்னையில் காலைக் காப்பி அருந்தலாம். அக்காலத்தில் அது ஓர் அதிசயம்தான்.

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. வகுத்துப் பார்த்தால் இரண்டு மணியும் சில நிமிடங்களுமே வரும். ஆயினும் கால அட்டவணையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் காட்டியிருக்கும். இதில் சூது ஒன்றும் இல்லை. விமானம் தன் நிலையைவிட்டு நகர்ந்ததிலிருந்து மறு நிலையில் வந்து நிற்கும்வரை உள்ள காலம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், இறங்க முறை வரும்வரை வட்டமிடுவதும் அதில் அடக்கம். காற்றின் கணக்கும் உண்டு. குளிர்காலத்தில் வட இந்திய வானில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று கல்கத்தா செல்பவரை முன்னே தள்ளும்; திரும்பி வருபவரைத் தடுக்கும். சென்னைப் பாதை வடக்குத் தெற்காகக் கிடப்பதால் நமக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் அட்டவணையில் அடங்காத காலம் ஒன்று இருக்கிறது. சென்ற மார்கழியில் என் தாயாருக்கு உடல்நிலை கவலைக்கிடம் என்று கும்பகோணத்திலிருந்து செய்தி வந்தது. மறுநாள் காலை ஏழு மணி விமானத்திற்கு இடம் கிடைத்தது. நான்கு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பினேன். தில்லியின் மூடுபனியை அறியாதவரா நீங்கள்? விமானம் எழும்பியபோது மணி பதினொன்றே கால். சென்னையில் இறங்கியது ஒன்றே முக்காலுக்கு. பெட்டியைப் பெற்று, வாடகைக் கார் பிடித்து, மூன்று மணிக்குப் புறப்பட்டு, விக்கிரவாண்டியில் திரும்பி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு எல்லாம் கடந்து வீட்டுத் திண்ணையில் கால் வைத்தபோது இரவு பத்து மணி. பதினெட்டு மணி நேரப் பிரயாணத்தில் நான் வானில் இருந்தது இரண்டரை மணி நேரம். தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய முப்பத்து மூன்று மணி. ஆகவே விமானத்தைக் குறை சொல்வதற்கில்லை. வழியெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தது மணியை அல்ல என்பதையும் சொல்லவேண்டும்.

அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அருகில் அமர்ந்து கையைப் பற்றினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்கள்:

"விமானத்தில் வருகிறாய் என்றார்களே, ரயிலிலா வந்தாய்?"