கணினி மேகத்தில், கணக்கு யார் கையில்?

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல கடைகளில் சரக்கோடு கணினியும் நீரில் மூழ்கியது. சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம். பேரேடும் பாக்கி விவரமும் போனால் யாரிடம் போய்க் கேட்பது? இக்கேள்விக்கு இன்று சொல்லப்படும் விடைகளுள் ஒன்று ‘கிளவுட் டெஸ்க்டாப்’ எனப்படும் மேகக் கணினி.

இது என்ன?

கணினியின் மூளையும் நினைவகமும் கடையில் இருப்பதில்லை. தொலைவில் உள்ள தரவு மையத்தில் இருக்கும். நாம் இங்கே தட்டும் எழுத்து இணையம் வழியே அங்கே செல்லும். அங்குள்ள திரையின் படம் மட்டும் இங்கே வரும். கடைக் கணினி பழுதானாலும் திருடு போனாலும், வேறொரு கணினியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அமேசான் 2014 முதலும் மைக்ரோசாஃப்ட் 2019 முதலும் இச்சேவையை அளிக்கின்றன. டேலி போன்ற கணக்கு மென்பொருளை இவ்வாறு ஏற்றித் தரும் உள்நாட்டு நிறுவனங்களும் பல உண்டு.

யாருக்கு ஏற்றது?

கடை ஓரிடம், கிடங்கு வேறிடம், கணக்கர் மூன்றாமிடம் என்றிருக்கும் மொத்த வணிகர்களுக்கு இது பெரிதும் உதவும். அனைவரும் ஒரே பேரேட்டில் வேலை செய்யலாம். ஒரே கல்லாவோடு நடக்கும் சிறு கடைக்கோ, தினமும் நகல் எடுத்து வீட்டில் வைத்தாலே போதும். இணையம் நின்றால் மேகக் கணினியும் நிற்கும். ஆகவே பில் போடும் கணினியைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, கணக்கை மட்டும் மேகத்துக்கு அனுப்புவது நல்லது.

செலவு

ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்குவதே பெரும்பாலும் வழக்கம். இதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, காம்போசிஷன் முறையில் இருப்போர் அதை வரவு எடுக்க முடியாது. மென்பொருள் உரிமம் வாடகையில் அடங்குமா என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள். டேலியில் ஒருவருக்கு சில்வர், பலருக்கு கோல்டு உரிமம் வேண்டும்.

கையெழுத்திடும் முன்

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டியது நமது பொறுப்பு. ‘சேவை நிறுவனம் மூடிவிட்டது’ என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்கள், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் நகல் வைக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. எனவே இவற்றை எழுத்தில் பெறுங்கள்:

1. நமது கணக்கு எந்த ஊர்த் தரவு மையத்தில் இருக்கும்?
2. நகல் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும்?
3. வாடகை தவறினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ, எத்தனை நாள் அவகாசத்தில் கணக்கு நம் கைக்கு வரும்?
4. கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் பாதுகாப்பு உண்டா?

வாடகைக் கட்டடத்தில் வியாபாரம் செய்கிறோம். அதற்காகக் கல்லாப்பெட்டிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுப்பதில்லை. கணினி எங்கே இருந்தாலும், வாரம் ஒருமுறை கணக்கின் நகலை இறக்கி நம் கையில் வைத்துக்கொள்வோம்.